சீமைக்குப் போக ஓர் ஒப்பாரி

நான் ஒருவரைச் சாகடித்திருக்கிறேன். பதற வேண்டாம். செத்தவர் அதற்குப் பிறகும் இருபத்திரண்டு வருஷம் உயிரோடிருந்து, வாரத்துக்கு இரண்டு முறையாவது என்னைத் திட்டிவிட்டுத்தான் கண்ணை மூடினார். அவர் என் அம்மாவைப் பெற்றவர், என் அப்புச்சி. சொத்துக்காக நான் அதைச் செய்யவில்லை, கோபத்திலும் செய்யவில்லை. சங்கீதத்துக்காகச் செய்தேன். இப்படிச் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கிறது என்பது எனக்கே தெரிகிறது.

வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த காலம். எனக்கு இருபத்தொரு வயது. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் முள்ளுக்குறிச்சியில் அப்புச்சி வீட்டில்தான் வளர்ந்தேன். வீட்டுக்குப் பின்னால் கிணறும் காடும், காட்டுக்குப் பின்னால் கொல்லிமலையும். அந்த மலையைத் தாண்டி என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் மட்டும் கடலைத் தாண்டி என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த வியாதி ராசிபுரத்தில் தொற்றியது. அங்கே ஒரு ஜவுளிக்கடையில் கூட்டம் சேர்க்கக் கிராமபோன் வைத்திருந்தார்கள். ஒரு சந்தை நாளில் யாரோ மாற்றிக் கொடுத்துவிட்ட வெள்ளைக்காரத் தட்டு ஒன்றைப் போட்டார்கள். ஒரு பெண் பாடினாள். குரல் ஏறியது, இன்னும் ஏறியது, கடை ஓட்டைப் பிரித்துக்கொண்டு வெளியே போய்விட்டது. துணி வாங்க வந்தவர்கள் அவளுக்குப் பல்வலி என்று முடிவு செய்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது. இந்தக் குரல் பிறந்த ஊரைப் பார்க்காமல் சாகக் கூடாது என்று அங்கேயே, காடாத்துணி மூட்டைமேல் உட்கார்ந்தபடி முடிவெடுத்தேன். (முடிவெடுக்க அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்கலாம்.)

வீட்டுக்கு வந்து அப்புச்சியிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "ஏங்கண்ணு, அந்தப் பொம்பளைக்கு என்ன வேதனையோ என்னமோ. அவளைத் தட்டுல புடிச்சு வெச்சு ஊரூரா அழுக உடறாங்க. அதைப் பாக்க நீ கப்பலேறோணுமா?" என்றார்.

அன்றிலிருந்து நான் தயாராகத் தொடங்கினேன். சீமையில் கத்தியும் முள்ளும் வைத்துத்தான் சாப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டு, ராகிக் களியைக் கத்தியால் அறுத்துச் சாப்பிட்டேன். களி கத்தியோடு போய்விடும். வாய்க்கு எதுவும் வராது. ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவரிடம் பழைய பூட்ஸ் வாங்கினேன். என் காலைவிட இரண்டு விரற்கடை பெரிது. உள்ளே தேங்காய் நாரைத் திணித்துக்கொண்டு வரப்பில் நடந்து பழகினேன். வரப்பு அப்புச்சியுடையது, உடைந்தது.

இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கும் புத்தகம் ஒன்று, பழைய பேப்பர்க் கடையில் கிடைத்தது. முதல் பதினாறு பக்கம் கிழிந்து போயிருந்தது. நமஸ்காரம், சௌக்கியமா, உங்கள் பெயர் என்ன போன்றவை எல்லாம் அந்தப் பதினாறு பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது பதினேழாம் பக்கத்திலிருந்து: ரயில் நிலையத்தில் பெட்டி தொலைந்தால் பேசுவது, மேலதிகாரிக்கு விண்ணப்பம் எழுதுவது, இறந்தவர் குடும்பத்துக்கு ஆறுதல் சொல்வது. ஆக, ஒரு வெள்ளைக்காரரைச் சந்தித்தால் எனக்கு வணக்கம் சொல்லத் தெரியாது. ஆனால் அவர் பெட்டி தொலைந்து, அவர் தகப்பனாரும் இறந்திருந்தால் பிரமாதமாகப் பேசுவேன்.

அப்புச்சி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார்: "ராசிபுரம் சந்தைக்குப் போயி ரெண்டு சோடி செருப்பு தொலைச்சவன் நீ. சீமைக்குப் போனா என்னத்தைத் தொலைப்பியோ."

எனக்கு ரோஷம் வந்தது. அந்த ரோஷம் தீருவதற்குள் சீமையே என்னைத் தேடி மலைக்கு வந்துவிட்டது.

ஜெர்மனிக்காரர் ஒருவர். மலைமேல் இருந்த காப்பித் தோட்டப் பங்களாவில் வந்து தங்கியிருந்தார். உலகமெல்லாம் சுற்றி, அந்தந்த ஊர்ப் பாட்டைப் பிடித்துக்கொண்டு போய்த் தன் ஊரில் வைத்துப் படிப்பது அவர் தொழில். அதற்கென்று ஓர் இயந்திரம் வைத்திருந்தார்: பெரிய ஊமத்தம்பூவைப் போல ஒரு குழாய், அதன் அடியில் சுழலுகிற மெழுகு உருளை. குழாய்க்குள் பாடினால் மெழுகில் கோடு விழும். திரும்ப ஓட்டினால் பாடினவரே உள்ளேயிருந்து பாடுவார். மலைக்காரர்கள் அவரைத் துரை என்றார்கள், இயந்திரத்தைத் 'துரையோட வாய்' என்றார்கள்.

அவர் சேலத்திலிருந்து கூட்டிவந்த துபாஷிக்கு, அதாவது மொழிபெயர்த்துச் சொல்கிற ஆளுக்கு, ஒரே வாரத்தில் மலைக்காய்ச்சல் கண்டு, டோலியில் வைத்துக் கீழே இறக்கினார்கள். டோலி முள்ளுக்குறிச்சி வழியாகப் போனதைப் பார்த்தேன். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த அந்த மனிதரைப் பார்த்து ஊரே 'ஐயோ பாவம்' என்றது. நான் பூட்ஸைத் தேடிக்கொண்டு ஓடினேன்.

நாலு மணி நேரம் மலையேறி, இரண்டு குதிகாலும் பழுத்து, துரையின் முன்னால் போய் நின்றேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. பதினேழாம் பக்கத்திலிருந்து தொடங்கினேன். "ஐயா, என் பெட்டியைக் காணவில்லை" என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் உடனே எழுந்து என்னோடு சேர்ந்து பெட்டியைத் தேடினார். அவ்வளவு நல்ல மனிதர். அரை மணி நேரம் இருவரும் பங்களாவைச் சுற்றித் தேடினோம். தேடிக்கொண்டே நான் யார், எதற்கு வந்தேன் என்பதைக் கையாலும் காலாலும் விளங்க வைத்துவிட்டேன். துரைக்கும் இங்கிலீஷ் சொந்த மொழியில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

வேலை கிடைத்தது. மலைமேல் இருக்கிற ஆலத்தூர் நாட்டுக் குக்கிராமங்களுக்கு அவரைக் கூட்டிப்போவேன், மக்களிடம் பேசிப் பாட வைப்பேன், பாட்டின் அர்த்தத்தைத் துரைக்குச் சொல்வேன். பேசுவது எனக்குப் பிடித்த காரியம். எவரிடமும் போய் நின்று ஊர் நியாயம் பேசி அவர்கள் வாயில் வருகிறதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு கிழவி, துரையின் சிவந்த முகத்தைப் பார்த்து, "அவிச்ச மரவள்ளிக்கு உசுரு வந்தாப்பல இருக்குதுங்க" என்றாள். இதைத் துரைக்கு மொழிபெயர்த்தேன். குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

ஒரு மாதத்தில் சாமை அறுக்கிற பாட்டு, தினைக்காட்டில் கிளி விரட்டுகிற பாட்டு, கல்யாணப் பாட்டு எல்லாம் மெழுகில் ஏறிவிட்டன. தாலாட்டு மட்டும் கிடைக்கவில்லை. எந்தத் தாயும் பிள்ளையைத் துரையின் வாய்க்கு முன்னால் கொண்டுவரச் சம்மதிக்கவில்லை; வெறும் தூளியை ஆட்டிப் பாடுவது ஆகாது என்றார்கள். போகட்டும் என்றார் துரை. ஒப்பாரி மட்டும் கட்டாயம் வேண்டும் என்றார். அப்போதுதான் அந்த வார்த்தையையும் சொன்னார்:

"ஊருக்குப் போய் இந்தப் பாட்டுகளைச் சொல்சொல்லாகப் பிரித்துப் பார்க்க ஒரு வருஷம் ஆகும். கூட இருந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஒப்பாரியும் கிடைத்துவிட்டால் தொகுப்பு முழுமையாகும். உனக்குக் கப்பல் டிக்கெட் கேட்டு எழுதுகிறேன். இன்னும் பதினைந்து நாளில் நான் கிளம்ப வேண்டும்."

அன்று நான் சாப்பிட்டேனா என்று நினைவில்லை. ஒரு வருஷம். அந்தப் பெண் பாடுகிற ஊர். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். கீழே அப்புச்சிக்கும் சொல்லியனுப்பினேன். 'ஒப்பாரி ஒன்றுதான் பாக்கி' என்று வேறு சேர்த்துச் சொல்லியனுப்பினேன்.

நேரே பாவாயியிடம் போனேன். அந்தப் பக்கத்தில் எந்தச் சாவுக்கும் முதல் குரல் அவளுடையதுதான். ஐம்பது வயது, கரகரப்பான குரல். களத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாவாயக்கா, துரைக்கு ஒரு ஒப்பாரி வேணுமாமுங்க."

"செத்தது யாரு சாமி?"

"யாரும் சாவலீங்க. சும்மா பாடிக் காட்டினாப் போதும்."

அவள் முறத்தை வைத்துவிட்டாள். "சும்மா அழுதா அது யாரையாச்சும் தேடிக்கிட்டுப் போவும். பேரு சொல்லி அழுவோணும். ஆளில்லாத அழுவாச்சி எந்த ஊட்டு வாசல்ல போயி நிக்குமோ, யாருக்குத் தெரியும்?"

"போன வருசம் செத்தவங்க யாருக்காச்சும் பாடுங்களேன்."

"அவங்களுக்கெல்லாம் கருமாதி முடிஞ்சு அனுப்பியாச்சு. இப்பப் போயி கூப்பிட்டா, என்னமோ ஏதோன்னு திரும்பி வந்துருவாங்க. வந்தா நீ சோறு போடுவியா?"

ஆக, புதிதாக ஒரு சாவு வேண்டும். பதினைந்து நாளுக்குள். இதைத் துரைக்குச் சொன்னேன். காத்திருப்போம் என்றார்.

அதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட விதத்தை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஆலத்தூர் நாட்டில் எந்தக் கிழவருக்கு இருமல் வந்தாலும் நான் அங்கே இருந்தேன். 'உடம்பு எப்படி இருக்குதுங்க' என்று இவ்வளவு அக்கறையாக யாரும் அவர்களைக் கேட்டதில்லை. 'பேரப்பிள்ளைகூட இப்படிப் பாக்கலீங்க' என்று ஒரு கிழவர் கண்ணீர் விட்டார். தொண்ணூறு வயசுக்காரர் ஒருவர், நாலு நாளாகக் கஞ்சி இறங்காமல் கிடந்தார். அவர் மேல் நான் பெரிய நம்பிக்கை வைத்திருந்தேன். காலையும் மாலையும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேச்சுத் துணை கிடைத்த சந்தோஷத்தில் அவர் எழுந்து உட்கார்ந்தார். ஆறாம் நாள் போனபோது கட்டிலில் ஆளில்லை. விசாரித்தால், உழவுக்குப் போயிருக்கிறாராம்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இந்த மலைத் தண்ணீரில் என்னதான் இருக்கிறது? மனிதன் ஒரு நியாயமான வயதில் சாக வேண்டாமா?

பதின்மூன்றாம் நாள் கீழேயிருந்து அப்புச்சி ஆள் விட்டுச் சொல்லியனுப்பியிருந்தார்: "ஒப்பாரி வேணும்னா ஊட்டுக்கு வரச் சொல்லு. அவன் ஒடச்ச வரப்பைப் பாத்து நானே வெக்கறேன்."

இந்தச் செய்தியைக் கேட்ட எரிச்சலோடுதான் பாவாயி வீட்டுக்குப் போனேன். ஏதாவது ஒரு பெயரை இட்டுக்கட்டிச் சொல்லிவிடலாம் என்பது திட்டம். எங்கள் ஊரில் ஒருவர் செத்துவிட்டார் என்றேன். பாவாயி முறத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தாள். பெயர் மட்டும் போதாதாம். என்ன நிறம், தலையில் எப்படி உருமாலை கட்டுவார், மாட்டுக்கு என்ன பேர், கிணறு எந்தப் பக்கம், கோபம் வந்தால் என்ன சொல்வார், எத்தனை பெண் கட்டிக்கொடுத்தார்? இல்லாத ஆளுக்கு இவ்வளவுக்கும் நான் எங்கே போவது? ஆனால் வாய் மட்டும் நிற்காமல் பதில் சொல்லிக்கொண்டே போனது. சிவப்பு உருமாலை. மாடு ரெண்டு, செவலையும் மயிலையும். கிணறு ஊட்டுக்குப் பின்னால, புளியமரத்தடியில. கோவம் வந்தா கண்ணுன்னு கூப்பிட்டுத்தான் திட்டுவாரு.

பாவாயி எழுந்து நின்றுவிட்டாள். "முள்ளுக்குறிச்சிப் பெரியவரா? உங்க அப்புச்சியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு தலையசைப்பு போதும். நான் தலையை அசைத்தேன், மேலும் கீழுமாக.

அவ்வளவுதான். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். நான் ஒன்றை மறந்தே போயிருந்தேன். சந்தைக்கு இறங்குகிற மலைக்காரர்கள் எல்லோரும் எங்கள் கிணற்றடியில்தான் சுமையிறக்கி உட்கார்வார்கள். அப்புச்சி ஆளுக்கொரு சொம்பு மோர் கொடுத்து, ஆளுக்கொரு வசவும் கொடுத்து அனுப்புவார். முப்பது வருஷமாக இது நடக்கிறது. எனக்கு அது எங்கள் வீட்டு மோர்ச் செலவு. அவர்களுக்கு வேறென்னவோ என்று அன்றுதான் தெரிந்தது.

ஓடிப்போய்த் துரையைக் கூட்டிவந்தேன். நிழல் பார்த்து இயந்திரத்தை வைத்தார். பாவாயி முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு, இன்னும் நாலு பெண்களோடு தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து எடுத்தாள்:

"மலையிறங்கி வந்தவளுக்கு
மோர் கொடுத்த மகராசா
மோர்ப்பானை இங்கிருக்க
மொண்டு தர யாரிருக்கா
வைதாலும் கண்ணு என்ற
வாய்க்கு மண்ணு யார் கொடுத்தா"

நான் அழுதுவிட்டேன். நடிப்பில்லை. கீழே நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரப்பைக் கட்டிக்கொண்டிருக்கிற மனிதருக்காகத் தேம்பித் தேம்பி அழுதேன். துரை உருளை மாற்றிக்கொண்டே என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்த நேரத்திலும், அழுகைக்கு நடுவில், மனதின் ஒரு மூலை கப்பல் டிக்கெட் எந்தக் கலரில் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தது. (நான் எப்பேர்ப்பட்ட ஆள் பாருங்கள்.)

பாட்டு முடிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்லது, எல்லோருக்கும் நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். பாவாயி எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள்.

"கெளம்புங்க, போலாம்."

"எங்கேங்க?"

"எங்கேன்னா? அழுதவங்க செத்தவரு மூஞ்சியைப் பாக்காம ஊட்டுக்குள்ள போவாங்களா? பொழுதுக்குள்ள எடுத்துருவாங்க, நட."

"வெயிலா இருக்குதுங்க அக்கா. நான் போயிச் சொல்லிக்கறேன். நாளைக்கு, இல்லீன்னா கருமாதிக்கு..."

"பையன் கலங்கிப் போயிட்டான்" என்று பக்கத்தில் நின்ற ஊர்ப் பெரியவர் சடையன் என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் மற்றக் கையைப் பிடித்தார். துக்கக்காரன் காலில் பூட்ஸ் எதற்கு என்று அதைக் கழற்றி மரத்தில் மாட்டினார்கள். ஒருவர் தப்பட்டையை எடுத்தார். ஒருவர் வீட்டுக்குள் போய், பிணத்துக்குப் போர்த்துகிற கோடி வேட்டியை எடுத்துவந்தார். தன் மகன் கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த புது எட்டுமுழம். நாற்பது பேர் கிளம்பினார்கள். துரையும் கிளம்பினார். இயந்திரத்தைச் சுமக்க நாலு பேர்.

நாலு மணி நேர இறக்கம். வெறுங்காலில் கல்லில் நடந்தேன். மலைக்காரர்களிடம் உண்மையைச் சொன்னால் அங்கேயே உருட்டிவிடுவார்கள். துரையிடம் சொன்னால் டிக்கெட் போய்விடும். வழியில் ஒவ்வொரு குடிசையிலும் 'யாருங்க?' என்று கேட்டு, கேட்டவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் தடுக்கி விழுந்தபோதெல்லாம், 'பாவம், பேரன் உசுரையே வெச்சிருந்தான்' என்றார்கள். ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. அன்று புதன்கிழமை. அப்புச்சி சில புதன்கிழமைகளில் மாட்டுத்தரகரைப் பார்க்கப் பக்கத்து ஊருக்குப் போவார்.

அன்று போகவில்லை. கிணற்றடியில் புளியமரத்தின் கீழே உட்கார்ந்து சவரக்காரரிடம் முகத்தைக் கொடுத்திருந்தார்.

தப்பட்டைச் சத்தம் கேட்டதும், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு எழுந்து, உருமாலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வழிக்கு வந்தார். துக்க ஊர்வலம் வந்தால் கூட நாலடி நடப்பது அவர் வழக்கம். நடந்தார். முன்னால் பாவாயி முந்தானைக்குள் முகம் மறைத்து அழுதுகொண்டே வந்தாள். அவளைத் தொந்தரவு செய்யாமல், கடைசியில் வந்த ஒருவரிடம் மெல்லக் கேட்டார்.

"யாருங்க தவறினது?"

அந்த ஆள் வேற்று ஊர். வழியில் சேர்ந்தவர். "முள்ளுக்குறிச்சிப் பெரியவருங்களாமா."

"எந்தப் பெரியவரு?"

"செங்கோடப் பெரியவருங்க. புளியமரத்துக் கெணத்துக்காரரு. மோரு குடுப்பாராம்."

அப்புச்சி தலையைத் திருப்பித் தன் கிணற்றைப் பார்த்தார். "அப்படி இன்னொருத்தன் இந்த ஊர்ல இருக்கறானா?" என்றார். பிறகு, "எப்பப் போனாராம்?"

"காத்தாலைங்க."

"நோவு ஏதாச்சும்?"

"தெரியலீங்க. பேரன் முன்னால வாரான், அவனைக் கேளுங்க."

நின்றார். ஊர்வலம் எங்கள் வாசலில் போய் நிற்பதற்குள், கிணற்றுப் பக்கமாகச் சுற்றி வாசலுக்கு வந்துவிட்டார். பாவாயி பிணத்தைத் தேடி முந்தானையை விலக்கினாள். எதிரே, ஒரு கன்னம் வழித்தும் ஒரு கன்னம் நுரைத்தும், அப்புச்சி நின்றுகொண்டிருந்தார். தப்பட்டை நின்றது. நாற்பதாகக் கிளம்பி எழுபதாக வளர்ந்திருந்த கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது.

அப்புச்சி என்னைப் பார்த்தார். மிகவும் அமைதியாகக் கேட்டார்:

"ஏங்கண்ணு, நானா?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். டிக்கெட், ஒப்பாரி, பெயர் சொல்லாமல் பாட மாட்டேன் என்றது, மாட்டின் நிறம். சொல்லி முடித்ததும் அடி விழும் என்று முதுகைத் தயாராக வைத்திருந்தேன். விழவில்லை. யாரும் என்னைக் கவனிக்கவே இல்லை. எல்லோரும் பாவாயியைப் பார்த்தார்கள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அழுதது அழுததுதானுங்க. அதைத் திருப்பி எடுக்க முடியாது. பேரு சொல்லி அழுதாச்சு, கோடியும் வந்தாச்சு. உட்டுட்டுப் போனா ஆவாது."

"அதுக்கு நான் என்ன பண்றது? செத்துப் போவட்டுமா?" என்றார் அப்புச்சி.

"வேண்டாமுங்க. முடிஞ்சதுன்னு அழுதுட்டோம். அப்ப, மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும்."

முதலிலிருந்து என்றால் எங்கிருந்து என்று யாருக்கும் விளங்குவதற்குள், சடையன் அந்தக் கோடி வேட்டியை விரித்துப் புளியமரக் கிளையில் தூளி கட்டிவிட்டார். நாலு பேர் அப்புச்சியைத் தூக்கினார்கள். எழுபத்திரண்டு வயது, நல்ல கனமான உடம்பு. முழங்கால் இரண்டும் ஒரு பக்கம், உருமாலை ஒரு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, தூளிக்குள் இறக்கினார்கள். கிளை ஒரு தடவை முனகியது.

"கிளை ஒடிஞ்சுரும், எறக்கி உடுங்க."

"பொறந்த கொழந்தை பேசக் கூடாதுங்க" என்றாள் பாவாயி. தூளியை ஆட்டிக்கொண்டே தாலாட்டு எடுத்தாள். காலையில் ஒப்பாரி பாடிய அதே குரல்.

துரை இயந்திரத்தை இறக்கித் தூளிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார். ஒரு மாதமாகக் கிடைக்காத தாலாட்டு. பிள்ளையைக் குழாய்க்கு முன்னால் கொண்டுவர இந்தத் தடவை யாருக்கும் ஆட்சேபமில்லை. பாட்டு முடிந்தும் மெழுகில் இடம் மிச்சமிருந்தது. அந்த மிச்சத்தில் குழந்தை பேச ஆரம்பித்தது. என் பெயரைச் சொல்லி, கண்ணு என்று கூப்பிட்டு, வரப்பில் ஆரம்பித்து, செருப்பு, பூட்ஸ், களி அறுத்த கத்தி வரை ஒன்று விடாமல் என்னைத் திட்டினார். தூளி ஆட ஆடத் திட்டினார். துரை கடைசிச் சொல் வரைக்கும் பிடித்துக்கொண்டார்.

அன்று எழுபது பேருக்கும் எங்கள் வீட்டில் சோறு. பிள்ளை பிறந்த வீட்டில் சாப்பிடாமல் போவார்களா? சவரக்காரர் மற்றக் கன்னத்தை வழிக்கக் கத்தியோடு வந்தபோது, 'ஒரு வருசம் கழிச்சு மொட்டையடிக்கறப்பப் பாத்துக்கலாம்' என்று யாரோ அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

துரை என்னைக் கிணற்றோரம் கூப்பிட்டார். இறந்தவர் ஏன் தொட்டிலில் இருக்கிறார் என்று கேட்டார். புத்தகத்தில் அறுபதாம் பக்கத்து விண்ணப்ப நடையில், மேற்படி நபர் காலமாகவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். வெகு நேரம் சிரித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எனக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"நீ கெட்டிக்காரன். ஆனால் இவர்கள் என்ன பாடுகிறார்கள் என்று சொல்ல எனக்கு ஆள் வேண்டும். எனக்கு என்ன வேண்டுமோ அதைச் சொல்கிற ஆள் வேண்டாம்."

பதில் சொல்ல என் புத்தகத்தில் பக்கம் இல்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அதுதான் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. இரண்டு நாளில் கிளம்பிப் போனார். போகும்போது அப்புச்சியின் கையைப் பிடித்து வெகு நேரம் குலுக்கினார். என் கையையும் குலுக்கினார், கொஞ்சம் சீக்கிரமாக.

ஆக, எங்கள் வீட்டிலிருந்து சீமைக்குப் போனது அப்புச்சிதான். என் பெயரும் போனது, வசவோடு. நான் போகவில்லை.

மலைக்காரர்கள் அதற்குப் பிறகு அவரைப் 'புதுப் பெரியவர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கும் அது வசதியாகப் போய்விட்டது. ஏதாவது வேலை சொன்னால், "எனக்கு நாலு வயசுதானே ஆவுது" என்பார். முறுக்கு கொடுத்தால், பல் முளைக்கட்டும் என்பார். பிறகு யுத்தம் வந்தது. ஜெர்மனியில் குண்டு விழுகிறது என்று நான் பேப்பரில் படித்துச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் கவலைப்பட்டார். "நான் உன்னை வைஞ்சதெல்லாம் பத்திரமா இருக்குதான்னு ஒரு கடுதாசி போட்டுக் கேளு. மறுக்கா அத்தனையும் சொல்ல எனக்குத் தெம்பில்லை."

அவர் உண்மையாகவே போனபோது, மலைக்குச் சேதி சொல்ல நானே ஏறினேன். பாவாயி நன்றாகத் தளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "நீ சொன்னா எப்படி சாமி நம்பறது?" என்றாள். இரண்டு பேரைக் கீழே அனுப்பி, பார்த்துவிட்டு வரச்சொல்லி, அவர்கள் வந்து ஆமாம் என்ற பிறகுதான் முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டாள். அதே பாட்டுத்தான். மோர்ப்பானை வந்த இடத்தில் நான் களத்துப் பக்கம் போய்விட்டேன்.

எங்கள் வீட்டில் யார் எந்த ஊருக்குக் கிளம்பினாலும், திருச்செங்கோட்டுக்குக் கிளம்பினாலும், 'போறதுக்கு யாரைச் சாவடிச்சே?' என்று கேட்டுத்தான் அனுப்புகிறார்கள். கல்யாணமாகி வந்த புது மருமகள்கூட மூன்றாம் மாதத்தில் கேட்க ஆரம்பித்துவிடுகிறாள். போன ஆவணியில் என் மகள் வயிற்றுப் பேத்தி மேல்படிப்புக்கென்று கிளம்பினாள். எந்த நாட்டுக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. காலில் விழுந்து எழுந்து சொன்னாள்:

"அப்புச்சி, நான் ஒருத்தரையும் சாவடிக்காமயே டிக்கெட் வாங்கிட்டனுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வாசல் வரை போனவள் திரும்பிப் பார்த்து, "ஆனா அங்க போனப்புறம் அவசரமா லீவு வேணும்னா, உங்க பேரைத்தான் குடுப்பேன்" என்றாள்.

அவள் போய் எட்டு மாதமாகிறது. கூடத்து உத்தரத்தில் பழைய தூளிக் கொக்கி ஒன்று இருக்கிறது. அவ்வப்போது ஒரு முக்காலியைப் போட்டு ஏறி, அது என் கனம் தாங்குமா என்று இழுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.